இல்லை என்று எப்படித் தெரியும்?

ரிலீசுக்கு முந்தைய நாள் மாலையில் டெஸ்டிங் டீமைப் பார்த்து எல்லா மேலாளர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: "பெருசா ஒண்ணும் இல்லையே?" சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் நாள் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. "இல்லை சார்" என்று பதில் வந்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பலாம். ஆனால் அந்த 'இல்லை' எங்கிருந்து வந்தது? பிழை இருந்தால் பார்க்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிழைகளைப் பதியும் ஜிராவில் போடலாம். பிழை இல்லாததை யார், எந்தக் கண்ணால் பார்த்தார்?

இதே கேள்வியை வைத்துக்கொண்டு இந்தியத் தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு எடுத்துக்காட்டாக அமைந்தது ஒரு மண்குடம். வெறும் தரையைப் பார்க்கிறோம், 'இங்கே குடம் இல்லை' என்கிறோம். கண்ணில் பட்டது தரை மட்டுமே; குடத்தின் இன்மை எப்படித் தெரிந்தது? இன்மையையும் கண்தான் காண்கிறது என்றார்கள் நியாய மரபினர். இன்மை என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது, வெறும் தரையைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறோம் என்றார்கள் மீமாம்சையில் பிரபாகரர் வழிவந்தவர்கள். அதே மீமாம்சையைச் சேர்ந்த குமாரில பட்டர் இரண்டையும் ஏற்கவில்லை. காணாமையே ஓர் அளவை, அதாவது அறிவு வந்து சேரும் தனி வழி, என்பது அவர் கட்சி. அத்வைதிகளும் பிற்பாடு அதை எடுத்துக்கொண்டார்கள்.

தமிழுக்கும் இது புதிய வழக்கல்ல. மணிமேகலையில் சமயக்கணக்கர்களின் வாதங்களைக் கேட்கும் காதையில், வைதிகவாதி அடுக்கும் அளவைகளுக்குள் அபாவமும் வருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் பத்து அளவைகளையும் சொல்லிவிட்டு, காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்.

கட்சிகள் எத்தனை இருந்தாலும், காணாமையிலிருந்து இன்மைக்குப் போக ஒரு நிபந்தனை வேண்டும் என்பது விவாதத்தில் நிலைபெற்றது. 'இருந்திருந்தால் தெரிந்திருக்கும்' என்று சொல்ல முடிய வேண்டும். இருட்டறையில் குடம் தென்படாததால் குடம் இல்லை என்று ஆகிவிடாது. ஏழாம் நூற்றாண்டு பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இதை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அந்த மரபு எடுத்துக்காட்டாகச் சொல்வது பிசாசை. பிசாசு கண்ணுக்குத் தெரியாதது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 'நான் பார்க்கவில்லை, ஆகவே இந்த அறையில் பிசாசு இல்லை' என்ற பேச்சு செல்லாது. பார்க்கக்கூடிய பொருளைக் குறித்து மட்டுமே, பார்க்காததைச் சான்றாக வைக்கலாம்.

மென்பொருள் பிழைகளில் பாதி குடம், பாதி பிசாசு.

1969-இல் ரோம் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டில் டச்சுக் கணினியறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா பேசியதும் இதையே. சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லாததைக் காட்ட முடியாது என்றார். குமாரிலரை அவர் படித்திருக்க நியாயமில்லை. ஆனால் குமாரிலர் பக்கத்தில் நின்று அவரிடம் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கலாம். ஒருபோதும் காட்டவே முடியாது என்றால், குடம் இல்லாத தரையைப் பார்த்து நாம் தினமும் சொல்லும் 'இல்லை' மட்டும் எப்படிச் செல்லும்? அதற்கு வெளிச்சமும் நல்ல கண்ணும் இருந்தன என்பது பதிலானால், சோதனைக்கும் அதுதான் பதில். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நல்ல கண் என்பதைப் பொறுத்தே 'இல்லை'யின் மதிப்பு. கையால் சோதிக்கும் மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து, ஸ்கிரிப்ட் எழுதி இயந்திரத்தைச் சோதிக்க வைக்கும் ஆட்டோமேஷனுக்குப் போவது பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இப்போது அது ஜாவா படிப்பதா பைத்தான் படிப்பதா என்பதில் தொடங்கி, எந்தக் கோர்ஸ், எவ்வளவு ஃபீஸ் என்பதில் முடிந்துவிடுகிறது.

மேனுவல் டெஸ்டரின் ஒரு நாளைப் பாருங்கள். எக்செல் தாளில் டெஸ்ட் கேஸ்கள் வரிசையாக இருக்கும்: செய்ய வேண்டியது, எதிர்பார்ப்பது, நடந்தது, பாஸ் அல்லது ஃபெயில். 'லாகின் பட்டனை அழுத்து. முகப்புப் பக்கம் வர வேண்டும்' என்று தாள் சொல்லும். அவர் அழுத்துவார், பக்கம் வரும், பாஸ் என்று போடுவார். போடும்போதே, பெயர் நீளமாக இருந்ததால் பக்கத்து மெனுவின் மேல் ஏறி நிற்பது கண்ணில் படும். தாளில் எங்கும் எழுதியிராத பிழை அது. யாரும் தேடச் சொல்லவில்லை, அவரும் தேடவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. நல்ல டெஸ்டர் கண்டுபிடிக்கும் பிழைகளில் பெரும்பங்கு இப்படி ஓரக்கண்ணில் பட்டவையே.

ஸ்கிரிப்டுக்கு ஓரக்கண் கிடையாது. 2004-இல் அமெரிக்காவின் சிகாகோவில் தாட்ஒர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம், இன்று கிட்டத்தட்ட ஒவ்வோர் ஆட்டோமேஷன் பாடத்திட்டத்திலும் முதல் பாடம். பிரௌசரை மனிதர்போல் ஓட்டும். சொன்ன பட்டனை அழுத்தும். சொன்ன இடத்தில் சொன்ன எழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். சொல்லாததை ஒருநாளும் பார்க்காது. முகப்பில் வணக்கச் செய்தி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லும். அதே பக்கத்தில் மெனு முழுவதும் காணாமல் போயிருந்தாலும் ரிப்போர்ட் பச்சைதான்.

கண் எங்கே மங்குகிறது என்பதற்கு ஒரு துல்லியமான இடம் உண்டு. ஆட்டோமேஷன் எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பக்கம் திறந்ததும் விளம்பரப் பெட்டி ஒன்று குதித்து வந்து பட்டனை மறைத்துக்கொள்கிறது. செலினியம் அழுத்தப் பார்க்கிறது, முடியவில்லை, குறுக்கே வேறொன்று நிற்கிறது என்று எரர் கொடுக்கிறது. நேர்மையான எரர் அது. ஆனால் நாளை காலைக்குள் ஸ்கிரிப்ட் ஓடியாக வேண்டும். இணையத்தில் தேடினால் உடனே ஒரு வழி கிடைக்கும்: மவுஸ் வழியாக அழுத்தாமல் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் நேராகப் பட்டனுக்கே கட்டளை கொடுத்துவிடலாம். கொடுத்தால் வேலை நடந்துவிடும். பயனாளர் ஒருவராலும் அழுத்த முடியாத பட்டனை, ஸ்கிரிப்ட் மட்டும் ஒவ்வோர் இரவும் அழுத்திப் பாஸ் போட்டுக்கொண்டிருக்கும். ஒரே ஒரு வரி மாறியதில், இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிபந்தனை காணாமல் போய்விட்டது. ரிப்போர்ட்டில் அதற்கென்று எந்த அடையாளமும் இருக்காது.

தமிழில் இயங்கும் செயலிகளைச் சோதிப்பவர்களுக்கு இந்தக் கண் கோளாறு இரு திசையிலும் வரும். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்துப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. படிப்பவருக்கு வித்தியாசம் கொஞ்சமும் தெரியாது. ஆனால் ஸ்கிரிப்ட் குறியெண்களை ஒப்பிடுவதால், இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடச் சொல்லாவிட்டால், வேறு வேறு என்று ஃபெயில் போடும். மறுபுறம், தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத ஒரு பி.டி.எஃப். கருவி ரசீது தயாரிக்கிறது. எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. வாடிக்கையாளரின் ஊர்ப்பெயர் படிக்கவே முடியாதபடி சிதைந்து அச்சாகிறது. அந்தக் கருவிக்கு அனுப்பப்பட்ட குறியெண்கள் எல்லாம் சரியான வரிசையில் இருப்பதால், அவற்றை மட்டும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் பாஸ் என்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த எந்தக் குழந்தையும் பார்த்தவுடன் சொல்லிவிடும் பிழை அது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், கையால் சோதிப்பதே உண்மையான சோதனை, இயந்திரம் வெறும் சரிபார்ப்பு என்ற முடிவுக்கு வரத் தோன்றும். கனடாவைச் சேர்ந்த டெஸ்டர் மைக்கேல் போல்டன் 2009 வாக்கில் சோதிப்பதும் சரிபார்ப்பதும் வெவ்வேறு என்று எழுதியது இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. பயனுள்ள பிரிவினைதான். ஆனால் மேனுவல் டெஸ்டர்களுக்கு அது அளவுக்கு மீறி ஆறுதல் தந்துவிடுகிறது. ரெக்ரஷன் என்ற பெயரில் அதே இருநூறு டெஸ்ட் கேஸ்களை நாற்பதாவது முறையாக ஓட்டுபவரின் கண் எங்கே இருக்கிறது? விரல் அழுத்துகிறது, கை பாஸ் என்று நிரப்புகிறது, மனம் மதியச் சாப்பாட்டில் இருக்கிறது. பார்த்தும் காணாத நிலை அது. அந்தக் காணாமையும் சான்றாகச் செல்லாது.

மனிதக் கை எங்கே கண்டுபிடிக்கும், எங்கே கோட்டைவிடும் என்பதற்குத் தெராக்-25 வழக்கைப் போல் ஒன்றைச் சொல்ல முடியாது. கனடாவின் அணுசக்தி நிறுவனம் தயாரித்த புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் அது. 1985-க்கும் 1987-க்கும் இடையே ஆறு நோயாளிகள் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில் நடந்தது இது: இயந்திரத்தை இயக்கியவர் எலெக்ட்ரான் சிகிச்சைக்கான எழுத்தை அடிக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்-ரேவுக்கான எழுத்தை அடித்துவிட்டார். உடனே கவனித்து, கர்சரை மேலே நகர்த்தித் திருத்தி, மற்ற வரிகளை மளமளவென்று தாண்டி வந்து சிகிச்சையைத் தொடங்கினார். 'மால்ஃபங்ஷன் 54' என்று திரையில் ஒரு செய்தி வந்தது. உள்ளே இருந்த நோயாளிக்கு 180 ராடு கதிர்வீச்சு கொடுத்திருக்க வேண்டிய இடத்தில், பின்னர் கணித்தபடி, 16,500-க்கும் 25,000-க்கும் இடைப்பட்ட அளவு ஒரு நொடிக்குள் பாய்ந்திருந்தது.

நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். அந்தச் செய்தியை அவர்களால் திரும்ப வரவழைக்க முடியவில்லை. இயந்திரம் மறுபடி வேலைக்கு வந்தது. ஏப்ரல் 11 அன்று அதே மருத்துவமனையில் இன்னொரு நோயாளிக்கு அதே கதி நேர்ந்தது.

பிழையைப் பிடித்தவர்கள் மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும். நடந்ததைப் படிப்படியாக நினைவுகூர்ந்து திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்ததில், வேகமே சூட்சுமம் என்று புரிந்தது. இயந்திரத்துக்குள் இருக்கும் காந்தங்கள் தங்கள் நிலைக்கு வர ஏறத்தாழ எட்டு நொடிகள் ஆகும். அதற்குள் திருத்தி முடித்தால், திரையில் மாறியது இயந்திரத்துக்குள் மாறாது. எத்தனையோ நாள் அந்த விசைப்பலகையில் பழகிய விரல்களுக்கு அந்த வேகம் இயல்பாக வந்தது. நிதானமாக, ஒவ்வொரு படியாகச் சோதித்த பொறியாளர்களுக்கு வரவில்லை. இயற்பியலாளருக்கும் பயிற்சி செய்த பிறகுதான் கைகூடியது.

இதை மேனுவல் டெஸ்டிங்கின் வெற்றியாகக் கொண்டாடலாம். தோல்வியாகவும் படிக்கலாம், ஏனெனில் பொறியாளர்கள் செய்ததும் கையால் செய்த சோதனைதான். இன்றைய ஸ்கிரிப்ட் ஒன்று, ஒவ்வொரு விசைக்கும் இடையே நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓர் இரவில் ஆயிரக்கணக்கான முறை அடித்துப் பார்த்திருக்கும். ஆனால் நேரத்தை மாற்றிப் பார் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லத் தோன்றுவதற்கு, அந்த வேலையைத் தினமும் செய்பவர் எவ்வளவு வேகமாக அடிக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். ஆட்டோமேஷனுக்கு மாறும் மேனுவல் டெஸ்டர் கையோடு எடுத்துப்போக வேண்டிய சொத்து இதுதான். சிக்கல் என்னவென்றால், மாறும் மாதங்களில் அவர் முதலில் உதறுவதும் இதைத்தான். கோடிங் தெரியாது என்ற தாழ்வுணர்ச்சியில், கோடிங் அல்லாத எல்லாமே பழைய சரக்காகிவிடுகிறது.

தர்மகீர்த்தியின் நிபந்தனையை இயந்திரத்திடமே கேட்டு வாங்க ஒரு வழி இருக்கிறது. 1978-இல் ரிச்சர்ட் டெமில்லோ, ரிச்சர்ட் லிப்டன், ஃபிரெடரிக் சேவார்டு ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த மியூட்டேஷன் டெஸ்டிங்தான் அது. யோசனை எளிது. நிரலில் வேண்டுமென்றே ஒரு சின்னப் பிழையை நுழைத்துவிட்டு எல்லா டெஸ்டுகளையும் ஓட்ட வேண்டும். ஏதாவது ஒன்று ஃபெயில் ஆனால் அந்த இடத்தில் கண் இருக்கிறது என்று பொருள். எல்லாம் பச்சையாகவே வந்தால் அந்த இடத்தில் யாரும் பார்க்கவில்லை.

மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை தரும் ஒரு டிக்கெட் செயலியை எடுத்துக்கொள்வோம். '60 அல்லது அதற்கு மேல்' என்பது விதி. டெஸ்ட் எழுதியவர் 65 வயதுக்காரருக்குச் சலுகை உண்டு, 30 வயதுக்காரருக்கு இல்லை என்று இரண்டு சோதனைகள் எழுதிவைத்திருக்கிறார். இரண்டும் பச்சை, அந்த வரி முழுவதும் ஓடிவிட்டதால் கவரேஜ் ரிப்போர்ட் நூறு சதவீதம் என்கிறது. இப்போது விதியை '60-க்கு மேல்' என்று மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால், அப்போதும் இரண்டும் பச்சை. 60 வயதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. நூறு சதவீதக் கவரேஜ் என்பது, அறை முழுவதும் நடந்துவிட்டோம் என்கிற கணக்கு. கண்ணைத் திறந்துகொண்டு நடந்தோமா என்பதை அது சொல்லாது. குமாரிலரின் மொழியில் சொன்னால், குடத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு, இப்போதாவது தெரிகிறதா என்று கேட்பது மியூட்டேஷன். தெரியாவிட்டால், முன்பு சொன்ன 'இல்லை'யும் செல்லாது.

இதற்குக் கருவிகள் உண்டு; பெரிய நிரல்களில் ஓட்டி முடிக்க நேரம் பிடிக்கும் என்று பலரும் தொடுவதில்லை. கருவி இல்லாமலும் செய்யலாம். டெஸ்ட் எழுதிய கையோடு, எதிர்பார்க்கும் விடையை ஒரு முறை தப்பாக மாற்றி ஓட்டி, அது சிவப்பாவதைப் பார்த்துவிட்டுத் திருத்தினால் போதும். அரை நிமிட வேலை. ஒருமுறைகூடத் தோற்றுப் பார்க்காத டெஸ்டுகள் எத்தனை கம்பெனிகளில் இரவுதோறும் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ!

கண்ணில் கோளாறு இருந்தால் இல்லாததும் தெரியும். தத்துவ நூல்கள் இதற்கு இரட்டை நிலாவைச் சொல்லும்: நோய் வந்த கண்ணுக்கு ஒரு நிலா இரண்டாகத் தெரிகிறது. ஆட்டோமேஷனில் இதன் பெயர் ஃபிளேக்கி டெஸ்ட். அதே நிரல், அதே டெஸ்ட். ஒரு முறை பாஸ், மறு முறை ஃபெயில். கூகுள் 2016-இல் வெளியிட்ட தகவலின்படி, அங்கே ஓடிய டெஸ்டுகளில் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு ஏதோ ஓர் அளவில் இந்த நோய் இருந்தது. விளைவு கண்ணோடு நிற்பதில்லை. பத்து முறை பொய்ச் சிவப்பைப் பார்த்த டீம், பதினொன்றாவது சிவப்பை ஏறெடுத்தும் பார்க்காது. "ரீ-ரன் பண்ணு, போயிடும்" என்பதே டீமின் வழக்கமாகிவிடும். போய்விடவும் செய்யும்.

நிறுவனத்துக்குள் இதெல்லாம் ஒரு தாமதத்தோடு, ஒரு நள்ளிரவுத் திருத்தத்தோடு முடிந்துவிடலாம். பிழை காணப்படாததையே பிழை இல்லாததற்குச் சான்றாக ஒரு நாட்டின் சட்டம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? பிரிட்டனில் அது நடந்தது. கணினி தரும் ஆவணத்தைச் சான்றாக வைப்பவர், அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியதைக் காட்ட வேண்டும் என்று அங்கே ஒரு சட்டப்பிரிவு இருந்தது. 1999-இல் அது நீக்கப்பட்டது. அதன் பின், மறுப்புக்குச் சான்று இல்லாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று கொள்வதுதான் நீதிமன்ற வழக்கம். அதே ஆண்டுதான் பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனம் ஃபுஜிட்சு வழங்கிய ஹொரைசன் கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கியது.

கிளைகளில் பணம் குறைவதாக ஹொரைசன் காட்டியது. கிளை நடத்தியவர்கள் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டினார்கள். சிலர் வீட்டை இழந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் மீது வழக்குகள் தொடரப்பட்டன. மென்பொருளில் கோளாறு இருப்பதை நீங்கள் காட்டுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்கள் கண்ணுக்கு எட்டியது கவுன்டரில் இருந்த திரை மட்டும். உள்ளே நடப்பதைப் பார்க்க அவர்களுக்கு வழியே இல்லை. கண்ணுக்கு எட்டாத பிசாசை அவர்கள் காட்டவில்லை என்பதால் பிசாசு இல்லை என்று தீர்ப்பானது. 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்துசெய்யும் சட்டம் 2024-இல்தான் வந்தது.

இப்போது டெஸ்ட் எழுதும் வேலையையே செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். மேனுவலிலிருந்து ஆட்டோமேஷனுக்கு மூச்சுப் பிடித்து ஓடி வந்தவர்களுக்கு இது எரிச்சலூட்டும் செய்திதான். நிரலைக் கொடுத்தால் நிமிடத்தில் ஐம்பது டெஸ்ட் எழுதித் தருகிறது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. டிக்கெட் செயலியில் டெவலப்பர் தவறுதலாக '60-க்கு மேல்' என்று எழுதியிருந்து, அந்த நிரலை மட்டும் பார்த்து டெஸ்ட் எழுதச் சொன்னால், '60 வயதுக்காரருக்குச் சலுகை இல்லை' என்று அழகாக ஒரு டெஸ்ட் வந்து நிற்கக்கூடும். 60 வயதைத் தொட்டுத்தான் பார்த்திருக்கிறது. பச்சையாகவும் இருக்கும்.

அருணந்தியார் மூன்றாவதாக வைத்த உரை இங்கே வேலைக்கு வருகிறது. எதிர்பார்க்கும் விடை எது என்பதை நிரலைக் கண்டும் அறிய முடியாது, கருதியும் அறிய முடியாது. சலுகையை அறிவித்தவர்களின் ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படிக்க வேண்டும். படித்தால் அடுத்த சந்தேகம் வரும். வயதை டிக்கெட் எடுக்கும் நாளில் கணக்கிடுவதா, பயணம் செய்யும் நாளிலா? இரண்டுக்கும் நடுவில் பிறந்தநாள் வருகிறவருக்கு எந்தக் கட்டணம்? ஆணையில் அதற்குப் பதில் இல்லாமலும் போகலாம். அப்படியானால் சம்பந்தப்பட்ட துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அந்த டெஸ்டைப் பாஸிலும் சேர்க்காமல் ஃபெயிலிலும் சேர்க்காமல் நிறுத்திவைக்க வேண்டியதுதான்.